‘சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதியவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் ‘குடைச்சல்’ என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் குடைச்சல். “குடைச்சல் இன்னிக்கு லீவா? அப்பாடா” என்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே சிலர் சந்தோஷப்படுவார்கள். அவருக்கும் அது தெரியும். ஒருநாள் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது என்னிடமே சொன்னார்: “பல்லு குடைஞ்சாதான் டாக்டர்கிட்ட போறோம். குடையலன்னா சொத்தை சத்தமில்லாம உள்ளயே ஓடிடும். நல்ல பேராத்தான் வெச்சிருக்கீங்க.” எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஆயுத ஏற்றுமதி உரிமப் பிரிவு என்பது எங்கள் அலுவலகத்தின் பெயர். பெயர்தான் பெரிது. நாலாவது மாடியில் மூன்று அறைகள், அவ்வளவுதான். கீழ்த்தளத்தில் ஓட்டுநர் உரிமம் கொடுப்பார்கள். பலகையில் ‘உரிமம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்து, “கண்ணு டெஸ்ட் எங்க சார்?” என்று கேட்பவர்கள் உண்டு.

ஆயுத வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் எங்கள் அரசு கையெழுத்துப் போட்ட பிறகு, அவசர அவசரமாகத் திறந்த பிரிவு அது. ஊருக்கு வெளியே ஒரு வெடிமருந்து ஆலை இருக்கிறது. அங்கிருந்து ஒரு குண்டு கப்பல் ஏற வேண்டுமென்றாலும் எங்கள் உரிமம் வேண்டும். உரிமத்துக்கு, வாங்குகிற அரசு ஒரு காகிதம் தர வேண்டும். ‘இதை நாங்களே வைத்துக்கொள்வோம், யாருக்கும் கைமாற்ற மாட்டோம்’ என்று எழுதிக் கொடுக்கும் கடைசிப் பயனாளர் சான்றிதழ். அந்தக் காகிதம் உண்மையா பொய்யா என்று பார்ப்பது அக்காவின் வேலை. போகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றி அனுப்புவதும் வருகிற கடிதங்களை வாங்கி மேஜைகளுக்குக் கொடுப்பதும் என் வேலை.

அதற்கு முன் அக்கா இருபத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு இணைப்புகள் போட்டுக்கொண்டிருந்தார். நிலையத்தை மூடியதும் ஆட்களைத் துறை துறையாகப் பிரித்து அனுப்பினார்கள். ‘போன் பண்ணிக் கேக்கற வேலைதானே’ என்று அவரை எங்களிடம் தள்ளிவிட்டார்கள். அயல்மொழி தண்ணீர்பட்டபாடு. எந்த நாட்டு எண் எதில் தொடங்கும், எத்தனை இலக்கம் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. காது அதைவிடக் கூர்மை. என் மாமனார் ஒரே ஒருமுறை என்னைக் கேட்டு அலுவலகத்துக்கு போன் பண்ணினார். மூன்று மாதம் கழித்து மறுபடி பண்ணியபோது, “உன் மாமனாருடா. சளி இன்னும் விடல போல” என்று அக்கா ரிசீவரை நீட்டினார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வருஷக்கணக்காக மோட்டார் அறையில் நின்று ஒரு காது போய்விட்டது. “எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் கேக்கணும்” என்பார்.

அந்தக் காதுதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கோப்பு வந்தது. நாலாயிரம் மோர்ட்டார் குண்டுகள். வாங்குவது கடல் தாண்டி இருக்கும் ஒரு சின்ன நாட்டின் பாதுகாப்பு அமைச்சகம். ஒரு கர்னல் கையெழுத்துப் போட்டிருந்தார், கீழே தொலைபேசி எண். நான் கடிதக் கட்டோடு அக்காவின் மேஜை அருகே நின்றிருந்தேன். எண்ணைச் சுழற்றி நாலு நிமிடம் பேசினார். வைத்தபிறகும் ரிசீவர் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“இந்த ஆளை எனக்குத் தெரியும்” என்றார்.

“யாரை? கர்னலையா?”

“ஆறு மாசம் முன்னாடி துப்பாக்கி ரவை ஃபைல் ஒண்ணு வந்துச்சுல்ல, வேற நாடு. அதுல இவரு அமைச்சகச் செயலாளர். இப்ப இந்த நாட்டுல கர்னல் ஆயிட்டாரு. அதே தொண்டை. ‘ஆமாம்’னு சொல்றதுக்கு முன்னாடி நாக்கை ரெண்டு தடவை தட்டுவாரு. அப்பவும் தட்டினாரு, இப்பவும் தட்டறாரு.” சான்றிதழைத் திருப்பிக் காட்டினார். “நம்பரைப் பாரு. இந்த நாட்டுல அரசாங்க நம்பர் எல்லாம் ரெண்டுல ஆரம்பிக்கும். இது கைபேசி. கர்னல் என்ன, குளிக்கப் போறப்பகூட அமைச்சகத்தைக் கையிலயே எடுத்துட்டுப் போறாரா?”

நேரே இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் நயமான மனிதர். குரல் உயர்த்தமாட்டார், சட்டையில் ஒரு மடிப்பு கலையாது. அக்கா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “குரலை ஃபைல்ல எப்படிம்மா கோக்கறது? ஓட்டை போட்டு நாடா கட்டிடலாமா?” என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. “கோக்க வேணாம் சார். அவங்க தூதரகத்துக்கு ஒரு லெட்டர் போடுவோம். இது உங்க கர்னல்தானான்னு அவங்களே சொல்லட்டும்.”

“பதில் வர நாப்பது நாள் ஆகும். கப்பல் வெள்ளிக்கிழமை.”

“நிக்கட்டும்.”

“ஆலையில முன்னூறு பேரு வேலை பாக்கறாங்க. அவங்களும் நிக்கட்டுமா?”

அக்கா தன் மேஜைக்கு வந்து தூதரகத்துக்கான கடிதத்தைத் தானே தட்டச்சு செய்தார். நான் பதிவேட்டில் ஏற்றி, கையிலேயே எடுத்துப்போய்த் தூதரக வாசலில் கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தைப் பெற்றுவந்தேன். கோப்பில் அக்கா குறிப்பு எழுதினார்: ‘சரிபார்க்கப்படவில்லை. சான்றிதழில் உள்ளது அரசு எண் அல்ல. தூதரகத்துக்கு எழுதப்பட்டுள்ளது. பதில் வரும்வரை உரிமம் வழங்கக் கூடாது.’ வியாழக்கிழமை மாலை அதன் கீழே இயக்குநர் எழுதினார்: ‘பார்த்தேன். வழங்கலாம்.’ வெள்ளிக்கிழமை கப்பல் போய்விட்டது.

அக்காவின் தம்பி அதே ஆலையில்தான் வேலை பார்த்தான், பொதி கட்டும் பிரிவில். அப்பா அம்மா போனபிறகு அக்காதான் அவனைப் படிக்கவைத்து ஆளாக்கினார். அக்கா வீட்டுக்கு மேல்மாடியில் குடும்பத்தோடு இருந்தான். சனிக்கிழமை காலை அவன் இறங்கி வந்து போட்ட சண்டையை அக்கா என்னிடம் வரி விடாமல் சொல்லியிருக்கிறார்.

“லைசென்ஸ் ஆபீஸ்ல எவளோ ஒருத்தி முட்டுக்கட்டை போடப் பாத்தாளாம். சூப்பர்வைசர் கண்டபடி திட்டறான். அந்த எவளோ என் அக்கான்னு நான் எப்படிச் சொல்றது?”

“வாயால சொல்லு.”

“நான் பெட்டில அடுக்கறவன் அக்கா. கத்தி விக்கறவன், எவன் வெங்காயம் வெட்டறான், எவன் கழுத்தை வெட்டறான்னு பின்னாடியே போய்ப் பாப்பானா?”

“நாலாயிரம் கத்தியை ஒருத்தன் பொய்ப் பேர்ல வாங்கினா, எத்தனை மூட்டைடா வெங்காயம் வெச்சிருக்கேன்னு கேக்கணுமா இல்லையா?”

காது கேளாத பக்கமாக உட்கார்ந்திருந்த கணவர், “வெங்காயம் தீந்துடுச்சா? நான் வாங்கிட்டு வரேன்” என்று பையை எடுத்திருக்கிறார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தம்பி மாடிப்படியில் அக்காவைக் கடக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனான்.

தூதரகத்தின் பதில் நாற்பது நாளில் வரவில்லை, ஐம்பத்திரண்டாம் நாள் வந்தது. நான்தான் வாங்கினேன். உறையில் அக்காவின் பதவிப் பெயர் இருந்தது. ஆனால் தூதரகத் தபால் எல்லாம் முதலில் இயக்குநரின் தட்டுக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். தட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்த உறையை யாரும் பார்க்கவில்லை. “பதில் வந்துச்சாடா?” என்று அக்கா கேட்டபோது, “உள்ள வெச்சிருக்கேன்க்கா, சார் பாத்துட்டுத் தருவாரு” என்றேன். இரண்டு தடவை உள்ளே போய்க் கேட்டார். ‘தேடிப் பார்க்கிறேன்’ என்ற பதிலோடு திரும்பினார்.

கப்பல் போய் எட்டு மாதம் கழித்து அந்தப் படங்கள் வந்தன.

சான்றிதழில் இருந்த நாடு அல்ல. அதற்கு இரண்டு நாடு தள்ளி, யாரும் ஆயுதம் விற்கக் கூடாதென்று உலகமே தடை போட்டிருந்த ஒரு நாடு. அங்கே ஒரு சிற்றூரின் சந்தையில், காலை பத்து மணிக்கு, ஜனம் நெரிகிற நேரத்தில், மலைமேலிருந்து குண்டு போட்டிருக்கிறார்கள். அறுபத்தொரு பேர். சுட்டவர்கள் ஓடிய பிறகு சர்வதேச விசாரணைக் குழு மலையேறிப் போய், அங்கே கிடந்த காலி மரப்பெட்டிகளைப் படமெடுத்து வெளியிட்டது.

தம்பி கைபேசியை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து ஓடி வந்தான். எட்டு மாதத்தில் முதல் பேச்சு. “இது என் தகடு அக்கா. பெட்டில நம்பர் அடிக்கற எழுத்துத் தகடு. ஏழுக்கு மேல்கோடு உடைஞ்சு போயிருக்கு பாரு. மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தேன். இது என் தகடு.” இதையே சொல்லிக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா அவனைத் தேற்றவில்லை. “எத்தனை பேருடா?” என்று கேட்டார்.

“அறுபத்தொண்ணு.”

“அப்ப அறுபத்தொண்ணுன்னு சொல்லு. தகடு தகடுன்னு சொல்லாத.”

விசாரணைக் குழு எங்கள் அரசிடம் கோப்பைக் கேட்டது. கோப்பு எடுக்கப்பட்டது. அக்காவின் குறிப்பு இருந்த தாள் அதில் இல்லை. பக்க எண்கள் எல்லாம் புது மையில் திருத்தி எழுதப்பட்டிருந்தன. இருந்தது தொலைபேசிப் பதிவேட்டின் நகல்: ‘சான்றிதழ் எண்ணுக்கு அழைப்பு, நான்கு நிமிடம்’. அதை வைத்து இயக்குநர் தன் நயமான மொழியில் ஒரு விளக்கம் எழுதினார்: ‘சரிபார்ப்பு எழுத்தர் தொலைபேசியில் பேசி, சான்றிதழ் சரியென்று வாய்மொழியாக உறுதி செய்தார். அதை நம்பியே உரிமம் வழங்கப்பட்டது.’ பொய்யைப் பிடித்த அழைப்பையே பொய்க்குச் சாட்சி ஆக்கிவிட்டார்கள்.

அக்காவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்த உத்தரவை உறையிலிட்டு ஒட்டியது நான். கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். மேஜையருகே நின்றபடி படித்தார். “‘கவனக்குறைவு’ன்னு போட்டிருக்காங்கடா. எனக்குக் கவனக்குறைவாம்!” சாப்பாட்டு டப்பாவையும் கண்ணாடிக் கூட்டையும் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திராமல் நாலு மாடியும் படியிறங்கிப் போனார்.

எனக்கு எல்லாம் தெரியும். கடிதம் போனது தெரியும், பதில் வந்தது தெரியும். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. பயந்தாங்கொள்ளி என்பதை நாசூக்காகச் சொல்ல அதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை.

நாலாவது வாரம் இயக்குநர் கூப்பிட்டார். “அந்த வருஷத்து அனுப்புகைப் பதிவேடு ரொம்பக் கிழிஞ்சிருக்காமே. பைண்டிங்குக்கு அனுப்பிடுப்பா.”

அதில் ஒரு தாளும் கிழியவில்லை. நான்தான் அட்டை போட்டு வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அதைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணீரும் கம்பலையுமாக என் கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்று ஒரு நினைப்பு. வாசலிலேயே சீறினார்.

“இதை ஏன்டா இங்க கொண்டு வந்தே? நான் திருடிட்டேன்னு இன்னொரு கேஸ் போடவா? அறிவிருக்கா உனக்கு? எங்க இருக்கணுமோ அங்க வை. கேக்கறவங்க வந்து கேக்கறப்ப எடுத்துக் குடு. இத்தனை நாள் எங்கடா போச்சு உன் வாய்?”

பேருந்தில் திரும்பும்போது அவர்மேல் கோபம் வந்தது. இறங்குவதற்குள் அது என் மேலேயே திரும்பிவிட்டது. மறுநாள் பதிவேட்டை அலமாரியில் வைத்து, பைண்டர் ஊரில் இல்லை என்று இயக்குநரிடம் சொன்னேன்.

விசாரணைக் குழுவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். குட்டை முடி, தேய்ந்த செருப்பு, பேச்சு குறைவு. இயக்குநர் அறையில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினார். பக்க எண்களின் மையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு அனுப்புகைப் பதிவேட்டைக் கேட்டார்.

“பைண்டிங்குக்குப் போயிருக்கு” என்றார் இயக்குநர்.

நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். “இல்ல சார். இங்கதான் இருக்கு” என்றேன். வாயிலிருந்து வந்தது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். எடுத்துக் கொடுத்தேன். போன கடிதத்தின் வரி இருந்தது, தூதரகத்தில் வாங்கியவர் போட்ட கையெழுத்து இருந்தது. அதிகாரி அப்போதே தூதரகத்துக்குப் பேசினார். மாலைக்குள் பதிலின் நகல் வந்தது: ‘இது எங்கள் அரசு வழங்கிய சான்றிதழ் அல்ல. இந்தப் பெயரில் எங்கள் படையில் கர்னல் எவரும் இல்லை.’

மறுநாள் தம்பியும் தானாக வந்தான். உடைந்த ஏழு இருந்த எழுத்துத் தகட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து அதிகாரியின் முன்னால் வைத்தான். ஒரு வாரத்தில் ஆலை அவனை வெளியே அனுப்பியது. இப்போது மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டுகிறான்.

உண்மை வெளியே வந்துவிட்டது. வந்து என்ன நடந்தது? சொல்கிறேன், கேளுங்கள். இயக்குநர் மருத்துவ விடுப்பில் போனார், பிறகு அதே பதவியில் வேறு துறைக்குப் போனார். ஆலையின் உரிமம் தொண்ணூறு நாள் நிறுத்தப்பட்டது, தொண்ணூற்றொன்றாம் நாள் வாயிலில் சங்கு ஊதியது. செயலாளராகவும் கர்னலாகவும் பேசிய தரகர் இன்னொரு நாட்டில் சௌகரியமாக இருக்கிறார். அந்த நாடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதுதான், தரகரைப் பிடிக்கும் சட்டத்தை மட்டும் எழுத இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம். அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதமும். உரிய வழியில் அல்லாமல் தூதரகத்துக்கு நேரடியாக எழுதியது தவறாம்.

அடுத்த வருஷம் ஒப்பந்தம் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். குளிரூட்டிய மண்டபம், மேடையில் பூங்கொத்து. ‘கற்ற பாடங்கள்’ என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொல்லி அக்காவை அழைத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்த தாளை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“சான்றிதழ்ல இருக்கற நம்பருக்கே போன் போட்டு, இந்தச் சான்றிதழ் நிஜமான்னு கேக்கறோம். திருடனுக்கே போன் பண்ணி, சாவி உங்களுதுதானேன்னு கேக்கற மாதிரி. அதுக்கு ஒரு படிவம், மூணு நகல்” என்று ஆரம்பித்தார். மண்டபத்தில் லேசாகச் சிரிப்பு. “சிரிக்காதீங்க” என்றார். சிரிப்பு நின்றது. “ஜனங்களைக் கொல்றதுக்குப் பயன்படும்னு தெரிஞ்சா விக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. நல்ல வரி. நான் மனப்பாடமாவே வெச்சிருக்கேன். ‘தெரிஞ்சா’ன்னு இருக்கு பாருங்க, அதனாலதான் எங்க ஆபீஸ்ல யாரும் எதையும் தெரிஞ்சுக்கறதே இல்ல. வந்த லெட்டரைப் பிரிக்க மாட்டாங்க. பிரிச்சாலும் படிக்க மாட்டாங்க. படிச்சவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தெரியாம இருக்கறதுக்கு இவ்வளவு பேரு சம்பளம் வாங்கற இடம் உலகத்துல வேற இல்ல.”

மணி அடித்துவிட்டார்கள். நாலே நிமிடம்தான் பேசியிருந்தார். கைதட்டல் வந்ததா என்று கேட்காதீர்கள்.

ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது: தொலைபேசி எண்ணைத் தூதரகத்திடமிருந்தே பெற வேண்டும், எழுத்தில் பதில் வராமல் உரிமம் வழங்கக் கூடாது. அக்கா அதைப் படித்துவிட்டு, “அறுபத்தொரு பேரு செத்தா ஒரு வரி மாறுது. அடுத்த வரிக்கு எத்தனை பேரு வேணுமாம்?” என்றார்.

கோபம் அவருக்கு அடங்கவில்லை. குண்டு விழுந்த ஊரின் நகராட்சிக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். இறந்தவர்களின் பெயர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு வருஷம் பதிலில்லை. பிறகு ஒரு பட்டியல் வந்தது, வயதோடும் தொழிலோடும். செருப்புத் தைப்பவர், பள்ளி ஆசிரியை, ஏழு வயது, எழுபது வயது. கூடவே அங்கிருக்கும் எழுத்தர் எழுதிய இரண்டு வரிகள்: ‘நான்கு அமைப்புகள் இதுவரை எங்களிடம் இந்தப் பெயர்களை வாங்கிப் போய்விட்டன. நீங்கள் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?’

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். “நியாயமாத்தான் கேக்கறான்” என்றார்.

அன்றைக்கே பதில் எழுதினார். எங்கள் பக்கத்துப் பெயர்களின் பட்டியல். உரிமத்தில் கையெழுத்துப் போட்ட இயக்குநர், விற்ற ஆலை, அதன் முதலாளிகள், ஏற்றிய கப்பல், பேசிய தரகரின் எண். கீழே, ‘அந்த எண்ணுக்கு அழைத்துப் பேசியும் கப்பலை நிறுத்த முடியாதவர்’ என்று தன் பெயர். பெட்டியில் அடுக்கியவன் என்று தம்பியின் பெயர், அவன் சம்மதத்தோடு. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தூதரகப் பதிலை வாங்கித் தட்டுல வெச்சுட்டு சும்மா இருந்தவன்னு ஒருத்தன் இருக்கான். அவன் பேரையும் போடட்டுமா?”

“போடுங்கக்கா” என்றேன்.

அந்தக் கடிதத்தை அலுவலகப் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, நானே தபாலில் சேர்த்தேன். அரசு விவரங்களை வெளியே கொடுத்ததாக எங்கள் இருவருக்கும் குற்றப்பத்திரிகை வந்தது. அக்கா ஓய்வுபெற்ற பிறகும் அது முடியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பட்டியலை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து ஆலைமீதும் இயக்குநர்மீதும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை தள்ளுபடியாகி, மூன்றாவது முறை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாட்சிகளில் முதல் பெயர் அக்காவுடையது, அடுத்தது தம்பியுடையது, மூன்றாவது என்னுடையது. விசாரணைத் தேதி வந்துவிட்டது என்று நேற்று அக்கா போனில் சொன்னார். “சட்டையைத் தேய்ச்சுப் போட்டுட்டு வா. வாயைத் திறந்து பேசு” என்றார்.